ஐந்து வீட்டுக்குச் சொல்லவில்லை

திண்டுக்கல்லில் நாங்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்தது ஒரு வளவில். தெருவைப் பார்த்து ஒரு பெரிய கதவு. உள்ளே போனால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஆறு வீடுகள். நடுவில் சிமெண்டு பூசிய முற்றம், அதன் மூலையில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய். ஆறு வீட்டுக்கும் அந்த ஒரு குழாய்தான். தண்ணீர் நாள் விட்டு நாள் வரும், கோடையில் வாரத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிது. வரும் அன்று விடிவதற்குள் குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். அவற்றுக்குப் பக்கத்தில் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன், எரிச்சலோடு.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மற்ற ஐந்து வீடுகளில் ஒருவர் பஸ் கண்டக்டர், ஒருவர் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர், ஒருவர் மளிகைக் கடைச் சிப்பந்தி. இரண்டு வீட்டு ஆண்கள் தோல் ஷாப்புக்குப் போனார்கள். ஆட்டுத் தோலை ஊறப்போட்டுப் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எத்தனை முறை குளித்தாலும் அந்த வாடை முழுதாகப் போகாது. எங்கள் எதிர்வீடு அந்த இரண்டில் ஒன்று. அந்த வீட்டுப் பெண்ணும் என் மனைவியும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த முறைப்படி நான் அவருக்கு அண்ணன். ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளும் அவர் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். நானும் அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாடிக்கொம்பு போகும் வழியில், அகரத்துக்குச் சற்று முன்னால் தோட்டங்களை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். நானும் ஒன்று வாங்கினேன். இரண்டு ஆண்டுகளில் வீடு எழுந்தது. மனைவியை முதல் முறை கூட்டிப் போய்க் காட்டியபோது சுற்றிலும் கல் நட்ட மனைகளும் சீமைக் கருவேலமும்தான் இருந்தன. தூரத்தில் இரண்டு வீடுகள். நான் மோட்டாரைப் போட்டுக் காட்டினேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குழாயில் விழுந்தது.

"இனிமே கொடத்தத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்க வேண்டியதில்ல" என்றேன்.

அவள் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். "உப்பா இருக்கு. பருப்பு வேகாது" என்றாள். பிறகு வெளியே வந்து அந்த வெறும் மனைகளைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இங்க யாருங்க பேசுவா?"

நான் அதைப் பதில் தேவைப்படாத கேள்வியாக எடுத்துக்கொண்டேன்.

வளவில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது சொந்த வீடு கட்டிப் போனால், பால் காய்ச்சும் அன்று மற்ற வீட்டுப் பெண்கள் அந்த மூலைக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துப் புது வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். முதல் சோறு அந்தத் தண்ணீரில்தான் பொங்கும். எங்களுக்கு முன் போன இரண்டு குடும்பத்துக்கும் அப்படித்தான் நடந்தது. என் மனைவியும் கூடவே நடந்து போயிருக்கிறாள். ஆனால் அதற்கு முறையாகச் சொல்ல வேண்டும். தினமும் முகத்தில் விழிக்கிறவர்களாக இருந்தாலும், தேதி அவர்களுக்குத் தெரிந்தே இருந்தாலும், அவர்கள் வாசலில் போய் நின்று பத்திரிகையைக் கையில் கொடுத்து 'நீங்க வந்துரணும்' என்று வாயால் சொன்னால்தான் வருவார்கள். சொல்லாத நல்ல காரியத்துக்கு எங்கள் பக்கத்தில் யாரும் போவதில்லை.

பால் காய்ச்சத் தை மாதக் கடைசியில் நாள் குறித்தோம். மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பதாகச் சொன்னார். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது என் மனைவிக்கு டைபாய்டு வந்துவிட்டது. எழுந்து நடக்க முடியவில்லை. இரண்டு வாரம் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தது எதிர்வீட்டுப் பெண்தான். பிறகு என் அக்கா வந்து, "பக்கத்துல இருந்து நான் பாத்துக்கிறேன்" என்று அவளைத் தாடிக்கொம்பில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

கிளம்பும் முன் மனைவி தலையணைக்கு அடியிலிருந்து ஐந்து பத்திரிகைகளை எடுத்துக் கொடுத்தாள். படுத்தபடியே உறைகளின் மேல் பெயர் எழுதியிருந்தாள். எழுத்து கோணலாக இருந்தது.

"ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லணும். எனக்கு முடியல. நீங்களாச்சும் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு சொல்லிட்டு வாங்க. மதினிட்ட மட்டும், நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லுங்க."

"சரி" என்றேன்.

நான் சொல்லவில்லை.

ஏன் என்று இத்தனை ஆண்டுகளில் பலவிதமாக எனக்கு நானே விளக்கிப் பார்த்திருக்கிறேன். உண்மை சிறியது. பள்ளித் தாளாளர் வருவதாக இருந்தது. உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் வருவதாக இருந்தது. என் அண்ணன்மார் ஊரிலிருந்து வருகிறார்கள். தோல் ஷாப்பு வீட்டாரோடு ஒரே பந்தியில் என் உறவினர்கள் உட்கார மாட்டார்கள். அது வாடைக்காக மட்டும் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். நான் சாதி என்ற வார்த்தையை வாயால் சொல்லாதவன் என்று பெருமை வைத்திருந்தேன். மூன்று வீட்டுக்குச் சொல்லி இரண்டு வீட்டை விட்டால் அது அசிங்கமாகத் தெரியும், அதனால் ஐந்தையும் விட்டுவிடுவதுதான் நியாயம் என்று கணக்குப் போட்டேன். அப்படித்தான் நினைத்தேன், நியாயம் என்று.

சாமான் ஏற்றிய அன்று ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். வளவுப் பெண்கள் நான் கேட்காமலே வந்து கைகொடுத்தார்கள். எதிர்வீட்டுப் பெண் எங்கள் பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கட்டினார். சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தைக் கழற்றி, கண்ணாடி உடையாமல் தலையணைகளுக்கு நடுவில் வைத்தார். லாரி நிறைந்தது. ஐந்து பெண்களும் தெருவாசலில் வந்து நின்றார்கள். எதற்காக நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பத்திரிகைகள் என் கைப்பையில் இருந்தன.

"அப்ப, சார்..." என்று எதிர்வீட்டுப் பெண் தொடங்கினார்.

"சாவிய வீட்டுக்காரர்ட்ட குடுத்துருங்கம்மா" என்று சொல்லி அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அன்று அக்கா வீட்டு வெந்நீர் அடுப்பில் அந்த ஐந்து உறைகளையும் போட்டேன். உள்ளே படுத்திருந்தவளிடம் போய், "சொல்லிட்டேன். எல்லாரும் வாரேன்னாங்க" என்றேன். அவள் முகம் தெளிந்தது. "மதினி என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "சந்தோசப்பட்டாங்க" என்றேன்.

பால் காய்ச்சிய அன்று அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியாருக்கு இன்னொரு பூசை இருந்தது. அக்கா அவசரப்படுத்தினாள். "பொறுங்க மதினி, தண்ணி வரட்டும்" என்று என் மனைவி அக்காவிடம் மூன்று முறை சொன்னாள். அவள் எந்தத் தண்ணீரைச் சொல்கிறாள் என்று என் வீட்டாருக்குப் புரியவில்லை. கடைசியில் அக்காவே ஆழ்துளைத் தண்ணீரைப் பிடித்து உலையில் ஊற்றினாள். முதல் பந்தியில் ஓரமாகச் சில இலைகளை யாரையும் உட்காரவிடாமல் என் மனைவி காத்துவைத்திருந்தாள். தாளாளரோடு வந்த ஆசிரியர்கள் இடமில்லாமல் நின்றபோது நான் போய் அந்த இலைகளில் அவர்களை உட்காரவைத்தேன்.

மறுநாள், "மொத்தமா அம்புட்டு பேருமா வராமப் போவாங்க?" என்றாள்.

"என்ன வேலையோ" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். நான் காலையில் டவுன் பஸ் பிடித்துப் போனால் சாயங்காலம் வருவேன். மகன் அப்போது கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். பகல் முழுவதும் அவள் தனியாக இருந்தாள். காற்று காலத்தில் செம்மண் புழுதி எல்லா ஜன்னலிலும் படியும். துடைத்து முடித்தால் மறுபடி துடைக்கலாம். பருப்பு அவள் சொன்னபடியே வேகவில்லை. விறைப்பாக, தனித்தனியாக, தட்டில் உருண்டது. சுண்ணாம்பு பிடித்த பாத்திரங்களை அவள் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கரூர் பக்கம் போகும் ரயில் சத்தம் கேட்டதும் உலை வைப்பாள். ஆடு மேய்க்க வரும் ஒரு கிழவியைக் கூப்பிட்டு நிறுத்தி, ஆட்டுக்கு என்ன நோய், எத்தனை குட்டி என்று விசாரிப்பாள். அவளுக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதல் ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முறுக்கோ அதிரசமோ செய்து டப்பாவில் வைத்திருப்பாள். யாராவது வந்தால் கொடுக்க. புதன் வியாழன் வாக்கில் அதை நான் தின்று தீர்ப்பேன். இரண்டாம் ஆண்டில் அதை விட்டுவிட்டாள். அவளுக்கும் ரோஷம் உண்டு. சொல்லியும் வராதவர்கள் வாசலுக்கு அவளாகப் போகமாட்டாள். டவுன் கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, பக்கத்துச் சிற்றாலயத்தோடு இருந்துகொண்டாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "பாத்தும் பாக்காத மாதிரி போனாங்க. நானும் வந்துட்டேன்."

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள், எதிர்வீட்டு மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்ற செய்தி காய்கறிக் கடையில் அவள் காதில் விழுந்தது. அந்த மகள் பிறந்ததிலிருந்தே பாதி நேரம் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். என் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"நான் தூக்கி வளத்த புள்ளைங்க. ஒரு வார்த்த எனக்குச் சொல்லலையே. அப்படி நான் என்ன செஞ்சுட்டேன்?"

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "அவங்க ஆளுங்களே அப்படித்தான். விடு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படிச் சொல்லாதீங்க" என்றாள்.

நான் ஆண்டுதோறும் பாஸ்கா என்னும் ஈஸ்டருக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். ஒரு பொய் சொன்னேன் என்று ஒவ்வொரு ஆண்டும் சேர்த்துச் சொல்வேன். சாமியார் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், சொல்லுவேன், அத்தோடு சரி. அவள் அழுத அந்த ஆண்டுத் தவக்காலத்தில் புதிதாக வந்திருந்த இளவயதுச் சாமியார் மட்டும், "எத்தனை முறை?" என்று கேட்டார். "ஒரு முறை" என்றேன். "யாரிடம்?" "மனைவியிடம்." "அவங்க அத இன்னும் நம்புறாங்களா?" "ஆமா." "அப்ப எப்படிங்கய்யா ஒரு முறை?" என்றார் மெதுவாக.

கணக்கு வாத்தியாராக முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான்.

அவர் மந்திரம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், பிறகு பாவமன்னிப்புத் தருகிறேன் என்றார். இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் பிற்பகலில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அனைத்தையும் சொன்னேன், வெந்நீர் அடுப்பு உட்பட.

அவள் முறத்தை நிறுத்தவில்லை. புடைத்து முடித்து, கல்லைப் பொறுக்கி, அரிசியைப் பானையில் கொட்டி மூடினாள்.

"அஞ்சு வீட்டுக்குமா?"

"அஞ்சு வீட்டுக்கும்."

"காச்சலோட கெடந்தப்ப அவங்க கஞ்சி கொண்டாந்தாங்க. நீங்கதான் கதவத் தெறந்து விட்டீங்க."

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"பாஸ்கா முடிஞ்சதும் போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"என்ன சொல்ல?"

"அன்னிக்கு என்ன சொல்லச் சொன்னேனோ அத."

போனேன். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தெருவாசலுக்குள் நுழைந்தேன். நாங்கள் இருந்த வீட்டில் யாரோ புதியவர்கள். ஐந்தில் மூன்று குடும்பங்கள் எங்கெங்கோ போய்விட்டன. கண்டக்டர் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சார். பாத தப்பி வந்துட்டீங்களா?"

"இல்லம்மா. உங்களுக்குச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். வீட்டுல பால் காச்சுறோம். நீங்க வந்துரணும்."

"எந்த வீட்டுல? ரெண்டாவது வீடும் கட்டியாச்சா?"

"அதே வீடுதாம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். அவ பேர் எழுதி, பத்திரிகை குடுத்து, உங்ககிட்டச் சொல்லச் சொல்லித்தான் அனுப்புனா. நான்தான் சொல்லல. சொல்லிட்டேன்னு அவகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. உள்ளே போனார். பாத்திரங்கள் நகரும் சத்தம் கேட்டது. ஒரு எவர்சில்வர் குடத்தோடு வெளியே வந்தார். அடிப்பக்கம் ஒடுங்கி, வாய் விளிம்பு தேய்ந்திருந்தது.

"படிங்க சார். படிச்சவருல்ல."

குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. என் மனைவியின் பெயர். அதற்குக் கீழே, 'புது வீட்டுக்கு வளவு வீட்டார் அன்பளிப்பு'.

"அஞ்சு வீடும் சேந்து வாங்குனது. நாளைக்குச் சொல்லுவாக, நாளன்னிக்குச் சொல்லுவாகன்னு பாத்தோம். பேரு வெட்டுனத கடைக்காரன் திரும்ப எடுக்கமாட்டேன்னுட்டான். அன்னிலருந்து நான்தான் தண்ணி புடிக்கிறேன். எம் மருமக கேக்குறா, யாருத்தே இந்தப் பேருன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க சொல்லாதது எங்களுக்குப் பெருசில்ல சார். உங்க சங்கதி எங்களுக்குத் தெரியாதா? இருவத்திரெண்டு வருசத்துல ஒருநா எங்க வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிருப்பீங்களா? மதினியும் அப்படித்தானான்னு நெனச்சேன் பாருங்க. எட்டு வருசம் அவள அப்படி நெனச்சுக்கிட்டே இந்தக் கொடத்துல தண்ணி புடிச்சேன்." குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "எம் மக கல்யாணத்துக்கு மொதப் பத்திரிகைல அவ பேரத்தான் எழுதுனேன். எங்க வீட்டுக்காரரு, நமக்குச் சொல்லாதவளுக்கு நீ எதுக்குச் சொல்றங்கவும் கிழிச்சுப் போட்டேன்."

"எப்ப வாரீங்கன்னு அவ கேட்டா என்ன சொல்லட்டும்மா?" என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். நீங்க சொன்ன வரைக்கும் போதும்."

பத்து நாள் கழித்து ஒரு வேலை நாளில் முற்பகலில் வந்தார். இடுப்பில் அதே குடம், வாயைத் துணியால் கட்டி. பஸ்ஸை விட்டு இறங்கி வருவதை ஜன்னலிலிருந்து பார்த்த என் மனைவி செருப்புப் போடாமல் ஓடினாள். இரண்டு பேரும் நடுரோட்டில் நின்றார்கள். நான் கேட்டருகே நின்றேன்.

"கொடத்துக்கும் ஒரு டிக்கெட்டுங்கிறான் மதினி. கைப்புள்ளைக்கு எவன்டா டிக்கெட் கேப்பான்னு சண்டை போட்டுட்டு வாரேன்."

"முழுக் கொடமாவுல்ல கொண்டாரணும்!"

"பாதி பஸ்சுக்கு ஊத்தியாச்சு. எட்டு வருசத்துக்கு இம்புட்டு மிஞ்சுனதே பெருசு."

அடுக்களையில் இரண்டு பேரும் அந்தத் தண்ணீரில் சோறும் பருப்பும் வைத்தார்கள். கூடத்தில் நான் நாளிதழைப் பிரித்து வைத்திருந்தேன். உள்ளேயிருந்து பேச்சு, பிறகு அழுகை, பிறகு சிரிப்பு. அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததை நான் கேட்டதில்லை. எனக்கு முதலில் இலை போட்டுப் பரிமாறினாள். பருப்பு குழைந்திருந்தது. அவர்கள் பிறகு அடுக்களையிலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

அன்றுமுதல் அவள் வியாழன்தோறும் டவுனுக்குப் போனாள். காலையில் போனால் சாயங்காலம் வருவாள். என்மேல் கோபம் காட்டியதே இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, வெந்நீர் எல்லாம் முன்போலத்தான். ஒன்று மட்டும் மாறியது. அதன் பிறகு அவள் எந்தச் சேதியையும் என்னிடம் சொல்லி அனுப்பவில்லை. பால்காரருக்கு நாளை பால் வேண்டாம் என்று சொல்வதென்றாலும் கேட் வரை அவளே நடந்து போவாள். கால் வீங்கியிருந்த நாட்களிலும் போவாள். அதைக் கவனிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. கவனித்த பிறகு, "நான் போய்ச் சொல்றேன்" என்று பலமுறை எழுந்திருக்கிறேன். "இருக்கட்டுங்க" என்பாள்.

இப்போது அந்த வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. யார் வீட்டுக்கும் நான் போவதில்லை, யாரும் வருவதில்லை. அடுக்களையில் அந்தக் குடம் கவிழ்த்து வைத்திருக்கிறது. வியாழக்கிழமைகளில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் இன்னும் ஜன்னலுக்குப் போய்விடுகிறேன்.

சிறுநீரகம் கெட்டு அவள் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தது ஒன்பது நாள். பகலில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். மகன் வாங்கிக் கொடுத்த செல்போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவள் மறுபக்கம் திரும்பி, அடுத்த கட்டில்காரரின் மகளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். ஜெபப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினாள்.

"ஏத்தா, இந்த நம்பர கொஞ்சம் போட்டுக் குடுக்குறியா?"

அந்தப் பெண் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தன் போனில் எண்ணைப் போட்டு, அதை என் மனைவியின் காதில் பிடித்தாள்.

"மதினி, நான்தான்... ஆமா, ஆஸ்பத்திரிலதான். முடிஞ்சா இன்னிக்கே வந்துட்டுப் போங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"சாரா? இருக்காரு. பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."